மார்பிள் தரை மஞ்சளடித்தால்: டெல்டா வீட்டுக்காரர்களுக்கு ஒரு கையேடு

மார்பிள் போட்ட வீட்டில் முதல் மஞ்சள் திட்டு கண்ணில் பட்டதும் நம் பக்கத்தில் வழக்கமாக ஒன்று நடக்கும். வந்து பார்க்கும் யாராவது ஒருவர், "ஆசிட் ஊத்தித் தேய்ச்சா போயிடும்" என்பார். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

அப்படிச் சொல்பவரைக் குறை சொல்லவும் முடியாது. காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல் பூமி இது. கையால் தோண்டினால் களிமண், இன்னும் தோண்டினால் மணல். கல் என்பதே நமக்கு வெளியூர்ச் சரக்கு. செங்கல் தளம், சிவப்பு ஆக்சைடு போட்ட சிமெண்ட் தரை, மொசைக், அப்புறம் விட்ரிஃபைடு டைல்ஸ் என்றுதான் தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறை வீடுகளின் தரை மாறி வந்திருக்கிறது. நம் கொத்தனார்களின் கைப்பழக்கமும் அதிலிருந்து வந்ததுதான். விட்ரிஃபைடு டைல்ஸ் மேல் ஒட்டிய சிமெண்டை நீர்த்த ஆசிட்டால் துடைத்தால் டைல்ஸுக்கு ஒன்றும் ஆகாது. மார்பிள் அப்படியில்லை. அது கால்சியம் கார்பனேட். கிளிஞ்சலும் அதே பொருள்தான். ஆசிட் பட்ட நொடியில் நுரைத்துக் கரையும். கறை போனதுபோலத் தெரிவது, கறையோடு சேர்ந்து கல்லின் மேல்தோலும் போனதால்தான். அதோடு முடிவதில்லை. சில வெள்ளை மார்பிளுக்குள் துளித்துளியாக இரும்புக் கனிமம் இருக்கும். ஆசிட் அதைக் கிளப்பிவிட்டால், ஒரு திட்டு இருந்த இடத்தில் தரை முழுக்க மஞ்சள் பாய்ந்துவிடும்.

எதையும் ஊற்றுவதற்கு முன்னால், நிறம் ஏன் மாறியது என்று கண்டுபிடியுங்கள். வேலையில் பாதிக்கு மேல் அதுதான்.

முதலில், அது மார்பிள்தானா?

கேள்வி அசட்டுத்தனமாகத் தோன்றலாம். ஆனால் 'மார்பிள்' என்று நம் ஊரில் சொல்லப்படும் தரைகளில் பல, மார்பிள் படம் அச்சடித்த விட்ரிஃபைடு டைல்ஸ்தான். நான்கைந்து டைல்ஸை வரிசையாகப் பாருங்கள். ஒரே நரம்புக்கோடு அதே வளைவோடு திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சு. மிச்சத் துண்டு பரணில் கிடந்தால் அதன் வெட்டுமுகத்தைப் பாருங்கள். மேலே உள்ள கோடு உள்ளேயும் ஓடினால் அது கல். இன்னொரு வழி, அந்த மிச்சத் துண்டில் ஆணியால் கீறுவது. மார்பிளில் கீறல் விழும், விட்ரிஃபைடில் விழாது. வீட்டுத் தரையில் கீறிப் பார்த்துவிடாதீர்கள்.

கறையா, காயமா?

அடுத்து இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான்.

சன்னல் வெளிச்சம் எதிரே இருக்கும்படி தரையோடு தரையாகக் குனிந்து பாருங்கள். திட்டு பளபளப்பாகவே இருந்து நிறம் மட்டும் மாறியிருந்தால், அது கறை. ஏதோ ஒன்று கல்லின் நுண்துளைக்குள் இறங்கியிருக்கிறது. நிறம் மாறாமல், அல்லது கொஞ்சம் வெளுத்து, பளபளப்பு மட்டும் போயிருந்தால் அது காயம். எலுமிச்சைச் சாறோ, புளித்தண்ணீரோ, தயிரோ, கழிப்பறை திரவமோ கல்லை அரித்திருக்கிறது. கறையை இழுத்து எடுக்கலாம். காயத்தை எடுக்க முடியாது. தேய்த்துச் சமன்செய்யத்தான் முடியும். காயத்தைக் கறை என்று நினைத்து இன்னும் கடுமையான மருந்தை ஊற்றினால், அது பெரிதாகும்.

நம் வீடுகளில் காயம் எங்கே அதிகம் தெரியுமா? பூஜை அறை வாசலில். வெள்ளிக்கிழமைக்கு முதல் நாள் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கி, ஈரத்தோடு அப்படியே தரையில் கவிழ்த்து வைப்போம். விளக்கின் அடிப்பாகம் அளவுக்கு வட்டமாக மங்கல் விழுந்திருக்கும். விளக்கைக் கொல்லைப்பக்கம் துலக்கி, நல்ல தண்ணீரில் அலசி, துணியால் துடைத்துவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். அவ்வளவுதான்.

மேலிருந்தா, கீழிருந்தா, கல்லுக்குள்ளிருந்தா?

கறைதான் என்று தெரிந்துவிட்டால், அதன் வடிவத்தைப் பாருங்கள். ஏதாவது சிந்திய இடத்திலோ, பாத்திரம், பீரோ, சிலிண்டர் இருந்த இடத்திலோ தனியாகத் திட்டு இருந்தால் அது மேலிருந்து வந்தது. ஒவ்வொரு கல்லின் ஓரங்களிலும் தொடங்கி நடுவை நோக்கிப் பரவினால், சுவரோரமாக வரிசையாக வந்தால், இணைப்புகளில் வெள்ளைத் தூள் பூத்தால், மழைக்காலத்தில் கூடிக் கோடையில் குறைந்தால் கீழிருந்து வருகிறது. கல் முழுக்க, நரம்பை ஒட்டி, எந்தக் கணக்கும் இல்லாமல் துருப்புள்ளிகள் தெரிந்தால் கல்லுக்குள்ளேயே இருந்த இரும்பு வெளியே வருகிறது. அதையும் கிளப்பிவிடுவது பெரும்பாலும் கீழிருந்து ஏறும் ஈரம்தான்.

சந்தேகம் இருந்தால் ஒரு எளிய சோதனை. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பாலிதீன் தாளைத் திட்டின் மேல் விரித்து, நான்கு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். ஒரு ராத்திரியும் மறுநாள் காலையும் என்று வைத்துக்கொள்ளலாம். எடுத்துப் பார்க்கும்போது தாளின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றாலோ, கல் கருத்திருந்தாலோ ஈரம் கீழிருந்து வருகிறது. இந்தச் சோதனையைக் கார்த்திகையில் ஒருமுறையும் சித்திரையில் ஒருமுறையும் செய்தால் இன்னும் தெளிவாகும். கார்த்திகையில் மட்டும் ஈரம் தெரிந்தால் நிலத்தடி நீர் ஏறுகிறது. சித்திரை வெயிலிலும் ஈரம் இருந்தால் பெரும்பாலும் வீட்டுக்குள் எங்கோ குழாய் ஒழுகுகிறது.

கீழிருந்து வரும் ஓதமும் உப்பும்

டெல்டாவில் மார்பிள் கெடுவதற்கு முதல் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். கடைக்காரரும் சொல்ல மாட்டார், பாலிஷ் போடுபவரும் சொல்ல மாட்டார்.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும்போது, ஆறும் வாய்க்காலும் நிறைந்து வயல் முழுக்கத் தண்ணீர் நிற்கும். நிலத்தடி நீர் சில அடி ஆழத்துக்கு ஏறிவிடும். களிமண் அந்த ஈரத்தைச் சீக்கிரம் விடாது. நேற்றுவரை வயலாக இருந்ததை மேடாக்கிப் போட்ட மனைகளில் கேட்கவே வேண்டாம். சுற்றிலும் சம்பா நட்டிருந்தால் வீடு தண்ணீருக்கு நடுவில்தான் நிற்கிறது. அந்த ஈரம் பேஸ்மட்டத்தில் கொட்டிய மண் வழியாக, ஜல்லித் தளம் வழியாக, கலவை வழியாக மெல்ல ஏறி மார்பிளுக்கு வரும். வரும்போது மண்ணிலும் சிமெண்டிலும் உள்ள உப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு வரும். மேலே வந்ததும் தண்ணீர் ஆவியாகிவிடும். உப்பு தங்கிவிடும். வெள்ளைத் தூளாகப் பூப்பது அதுதான். வெளியே பூத்தால் பரவாயில்லை. கல்லின் தோலுக்கு அடியிலேயே உப்பு படிகமாகி விரிந்தால், ஓரங்கள் பொரிந்து உதிர ஆரம்பிக்கும்.

நாகை, வேதாரண்யம், தரங்கம்பாடி பக்கம் இருப்பவர்களுக்கு மண்ணிலேயே உப்பு. கலவை கலக்கிய போர் தண்ணீரும் உவர்ப்பாக இருந்திருந்தால், உப்பை நாமே தரைக்கு அடியில் புதைத்துவிட்டோம் என்று அர்த்தம்.

என்ன செய்வது? வரிசையாகப் பாருங்கள்.

பூத்த உப்பை முதலில் உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் கூட்டி அள்ளுங்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள். தண்ணீர் பட்டால் உப்பு கரைந்து மறுபடி துளைக்குள் இறங்கும், அடுத்த வாரம் அதே இடத்தில் பூக்கும். இது புரியாமல் தினமும் துடைத்துத் துடைத்து அலுத்துப்போன வீடுகள் ஏராளம்.

பிறகு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். ராத்திரி மேல்தொட்டியை நிரப்பி, மோட்டாரை நிறுத்தி, எல்லாக் குழாய்களையும் மூடி, தண்ணீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் குழாயில் ஒழுகல். குளியலறைச் சுவரை ஒட்டித் திட்டு இருந்தால், குளியலறைத் துவாரத்தைத் துணியால் அடைத்து ஒரு அங்குலம் தண்ணீர் தேக்கி ஒரு நாள் வைத்துப் பாருங்கள். வெளியே போய் வீட்டைச் சுற்றி ஒரு நடை வாருங்கள். மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா? சுவரை ஒட்டிப் பூச்செடிப் பாத்தி கட்டித் தினமும் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? தெரு மேடாகி, மழைநீர் வாசலை நோக்கி ஓடுகிறதா? இந்த மூன்றையும் அதிகச் செலவில்லாமல் சரிசெய்ய முடியும். பல வீடுகளில் அதோடு பிரச்சினை பாதியாகிவிடும்.

தண்ணீரை நிறுத்தியபின் காத்திருங்கள். பொறுமையாக இருக்க வேண்டிய இடம் இது. மழைக்காலத்தில் ஏறிய ஈரம் தையில் இறங்கத் தொடங்கி, பங்குனி, சித்திரையில்தான் தரை நன்றாகக் காயும். அதுவரை பாலிஷ் வேண்டாம், கல்லின் நுண்துளையை அடைக்கும் சீலர் பூச்சும் வேண்டாம். குறிப்பாகச் சீலர். ஈரத் தரையை மேலே அடைத்தால் உப்பு உள்ளேயே நின்று கல்லைப் பொரிக்கும். பிளாஸ்டிக் பாய், அடியில் ரப்பர் ஒட்டிய விரிப்பு இவற்றையும் எடுத்துவிடுங்கள். தரை மூச்சுவிட வேண்டும்.

எந்த ஒழுகலும் இல்லை, நிலத்திலிருந்தே ஏறுகிறது என்றால், மேலே என்ன தடவினாலும் நிரந்தரத் தீர்வு கிடைக்காது. தரையைப் பெயர்த்து, கீழே பாலிதீன் தாள் விரித்து, மறுபடி போடுவதுதான் வழி. அந்தச் செலவுக்கு மனம் இல்லையென்றால், வருஷத்துக்குச் சில மாதம் திட்டோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள். உப்பை மட்டும் கூட்டி எடுத்து வாருங்கள். அதில் தப்பில்லை.

துடைக்கும் தண்ணீரிலேயே இரும்பு

தரை முழுக்க ஒரே சீராக, மெல்ல மெல்லப் பழுப்பேறினால் துடைக்கும் தண்ணீரைச் சந்தேகியுங்கள். டெல்டாவில் பல இடங்களில் போர் தண்ணீரில் இரும்பு உண்டு. அடிக்கும்போது கண்ணாடிபோல இருக்கும். காற்றுப் பட்டதும் கரைந்திருந்த இரும்பு துருவாக மாறிப் படியும். வெள்ளை பக்கெட்டில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால், காலையில் அடியில் செம்மஞ்சள் படிவு தெரியும். லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துணியிலும் பீங்கானிலும் கறை விழத் தொடங்கும். எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பார்க்கலாம்.

தீர்வு எளிது. துடைப்பதற்கு மட்டும் முதல் நாளே பிடித்துத் தெளியவைத்த தண்ணீரின் மேல்பாகத்தையோ, மழைத்தண்ணீரையோ, ஆற்றுக் குடிநீர் வந்தால் அதையோ பயன்படுத்துங்கள். துடைத்தபின் ஈரம் நிற்கவிடாமல் உலர்ந்த துணியால் ஒரு ஓட்டு ஓட்டுங்கள்.

மேலிருந்து விழும் கறைகள்

இனி நம் வீட்டுக் கறைகளுக்கு வருவோம். ஒவ்வொன்றுக்கும் குணம் வேறு.

மஞ்சளில் ஒரு வேடிக்கை. ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவப்பாகும் அல்லவா? காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். அதனால் மார்பிளில் சிந்திய மஞ்சளைச் சோப்போ சோடாவோ போட்டுத் தேய்த்தால் திட்டு செக்கச்செவேலென்று மாறும். பயப்படாதீர்கள், புதுக் கறை ஒன்றும் இல்லை. நல்ல தண்ணீரில் அலசினால் மஞ்சளுக்கே திரும்பும். மஞ்சளின் நிறம் வெயிலில் நிற்காது. வெயில் விழும் இடமானால் சில நாள் திரையை விலக்கி வையுங்கள். பாதி தானாகப் போகும். மிச்சத்துக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு பற்று. பற்று என்றால் மருந்தைப் பவுடரில் குழைத்துக் கறைமேல் அப்புவது; முறையைக் கீழே சொல்கிறேன்.

காபி, டீ, வெற்றிலைச் சாறு, வாழைக்கறை, மருதாணி, உதிர்ந்த இலை ஆகியவை ஒரு குடும்பம். தாவரச் சாயத்தால் வந்த கறை பெரும்பாலும் பெராக்சைடுக்குக் கட்டுப்படும். கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலையைப் போட்டுவிட்டுத் திண்ணையில் துப்பும் பெரியவர்கள் உள்ள வீட்டில், மார்பிளை விட எச்சில் படிக்கம் வாங்குவது மலிவு. வாழையிலை, தண்டு, தார் எதையும் தரையில் போடாதீர்கள். விசேஷ நாளில் அடியில் ஒரு தார்ப்பாய் விரியுங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது. மழையில் நனைந்த தென்னைநார்க் கால்மிதி பழுப்புச் சாயம் விடும். தண்ணீரில் இரும்பும் இருந்தால் அந்தச் சாயம் அதோடு சேர்ந்து கருநீலமாகும். வாசலில் நீள்சதுரமாகக் கருப்புக் கறை இருக்கிறதென்றால் கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள்.

விளக்கெண்ணெய், நல்லெண்ணெய், நெய் பட்ட இடம் நனைந்ததுபோலக் கருத்தே இருக்கும், காயாது. சிந்திய உடனே துடைக்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். ஒற்றிவிட்டு மேலே அரிசி மாவையோ டால்கம் பவுடரையோ தாராளமாகக் கொட்டி ஒரு நாள் விட்டால், புதுக் கறை பெரும்பாலும் போய்விடும். பழைய எண்ணெய்க்கு அசிட்டோன் பற்று.

துரு மிகவும் பிடிவாதம் பிடிக்கும். காஸ் சிலிண்டரின் வளையம், பீரோவின் கால், பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரிலிருந்து உதிர்ந்த துணுக்கு எல்லாம் துருப்பிடித்துக் கல்லுக்குள் இறங்கும். பெராக்சைடும் அசிட்டோனும் இதைத் தொடாது. எலுமிச்சையும் புளியும் துருவை எடுக்கும் என்பது உண்மை. ஆனால் கல்லையும் சேர்த்து எடுக்கும். மார்பிளுக்கென்றே விற்கும், ஆசிட் இல்லாத துரு நீக்கி நல்லது. இல்லையென்றால் ரசாயனக் கடையில் சோடியம் சிட்ரேட் வாங்கி, ஒரு பங்குக்கு ஆறு பங்கு தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் கிளிசரின் சேர்த்துப் பற்றுப் போடலாம். மெதுவாகத்தான் வேலை செய்யும். சிட்ரிக் ஆசிட் வேறு, சோடியம் சிட்ரேட் வேறு. கடைக்காரர் 'ரெண்டும் ஒண்ணுதான்' என்றால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

காவி, செம்மண் கோலம் சாயம் அல்ல. நுண்ணிய மண் துகள். துளைக்குள் உட்கார்ந்தால் எந்த மருந்தும் கரைக்காது, நைலான் பிரஷ் போட்டுப் பொறுமையாக எடுக்க வேண்டும். உள்ளே கோலத்தை மாக்கோலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெயிண்ட், மெழுகு சொட்டு விழுந்தால் பிளாஸ்டிக் அட்டையால் நெம்பி எடுங்கள். பித்தளை, செம்புப் பாத்திரம் விட்ட பச்சைக் கறைக்கு அமோனியா கலந்த பற்றுத் தேவை. அதை வீட்டில் செய்யாமல் தெரிந்த ஆளிடம் விடுவது நல்லது.

பற்றுப் போடும் முறை

தலைவலிக்குச் சுக்குப் பற்றுப் போடுவதுபோலத்தான் இதுவும். மருந்து உள்ளே இறங்கிக் கறையைக் கரைக்கும். காயும்போது அந்தக் கரைசலை மேலே இழுத்துக்கொள்ளும்.

தேவையானவை: பெயிண்ட் கடையில் கிடைக்கும் வெள்ளைச் சாக் பவுடர் அல்லது வாசனையில்லாத டால்கம், மருந்துக் கடையில் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, அல்லது கறைக்கு ஏற்ற வேறு மருந்து, பாலிதீன் தாள், டேப், ரப்பர் கையுறை, பிளாஸ்டிக் கரண்டி. பவுடர் இல்லையென்றால் வெள்ளை டிஷ்யூ காகிதத்தை நான்கைந்து அடுக்காக மருந்தில் நனைத்தும் போடலாம். முல்தானி மட்டி வேண்டாம், அதிலேயே இரும்பு இருக்கலாம். மஞ்சள்தூள் கறைக்குச் சமையல் சோடா சேர்க்காதீர்கள்; காரணம் மேலே சொல்லிவிட்டேன்.

1. கட்டிலுக்கு அடியிலோ பீரோவுக்குப் பின்னாலோ கண்ணில் படாத ஒரு கல்லில் முதலில் சோதித்துப் பாருங்கள். கருப்பு, பச்சை, பழுப்பு மார்பிளைப் பெராக்சைடு வெளுக்கச் செய்யலாம்.

2. கறையைச் சுற்றித் தூசியைத் துடைத்துவிட்டு, பெராக்சைடோ சிட்ரேட்டோ போடுவதானால் ஆர்ஓ தண்ணீரால் லேசாக நனையுங்கள். அசிட்டோன் போடுவதானால் தரை உலர்ந்திருக்க வேண்டும்.

3. பவுடரில் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் குழையுங்கள். கரண்டியைக் கவிழ்த்தால் வழியாமல் நிற்க வேண்டும்.

4. கறையைத் தாண்டி ஒரு அங்குலம் வரை, 6 முதல் 10 மில்லிமீட்டர் கனத்துக்கு அப்புங்கள். உள்ளே காற்றுக் குமிழி இருக்கக் கூடாது.

5. பாலிதீனால் மூடி ஓரங்களை ஒட்டுங்கள். ஒரு நாள் அப்படியே இருக்கட்டும். பழைய கறைக்கு இரண்டு நாள்.

6. பாலிதீனை எடுத்துவிட்டு முழுக்கக் காயவிடுங்கள். அவசரப்படுபவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். ஈரமாக இருக்கும்போதே சுரண்டினால் கரைந்த கறை கல்லிலேயே தங்கிவிடும். கோடையில் ஒரு நாள் போதும். அடைமழையில் இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். மின்விசிறியைப் போட்டுவிடுங்கள்.

7. காய்ந்ததை பிளாஸ்டிக் கரண்டியால் பெயர்த்து, நல்ல தண்ணீரில் துடைத்து, மறுநாள் பாருங்கள். கறை மங்கியிருந்தால் வழி சரி, மறுபடி போடுங்கள். மூன்று நான்கு முறை தேவைப்படுவது சாதாரணம். இரண்டு முறை போட்டும் துளிகூட மாறவில்லையென்றால், கறையைத் தப்பாக அடையாளம் கண்டிருக்கிறீர்கள்.

அசிட்டோன் பெட்ரோல்போலப் பற்றும். பூஜை விளக்கு, ஊதுவத்தி, காஸ் அடுப்பு எல்லாம் அணைந்திருக்க வேண்டும், சன்னல் திறந்திருக்க வேண்டும். பிளீச்சிங் பவுடரை ஆசிட்டோடும் அமோனியாவோடும் எந்தக் காரணத்துக்கும் சேர்க்காதீர்கள். மூச்சைத் திணறடிக்கும் நச்சுவாயு கிளம்பும். குழந்தைகள் பற்றைத் தொடாமல் மேலே ஒரு கூடையைக் கவிழ்த்து வையுங்கள்.

மங்கிய இடத்துக்கு

கைக்கு வழுவழுப்பாகவே இருந்து பளபளப்பு மட்டும் போயிருந்தால், மார்பிள் பாலிஷ் பவுடரைக் கொஞ்சம் தண்ணீரோடு குழைத்து, ஈரக் கம்பளித் துணியால் ஐந்து பத்து நிமிஷம் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சின்ன வட்டங்கள் இதிலேயே போகும். நகத்தால் வருடினால் பள்ளம் தட்டுகிறதென்றால் மெஷின் பாலிஷ்தான்.

பாலிஷ் போட ஆள் கூப்பிடும்போது இரண்டு விஷயம் பேசிவிடுங்கள். எந்தெந்த நம்பர் தேய்ப்புக் கல் போடுவார்? சொரசொரப்பான நம்பரில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறி வர வேண்டும். நடுவில் தாண்டினால் கோடு நிற்கும். இரண்டாவது, முடிந்ததும் ஆசிட் வாஷ் கூடாது. கடைசிப் பூச்சில் பவுடரோடு சிறிது ஆக்சாலிக் ஆசிட் சேர்ப்பது பாலிஷ்காரர்களின் வழக்கம். அது அவர் மெஷினில் கையாள வேண்டிய நச்சு. நீங்கள் வாங்கித் தரையில் ஊறவைக்கும் பொருள் அல்ல.

மஞ்சள் நிறம் நகத்தால் சுரண்டினால் ஏடாக உரிந்து வருகிறதா? அது கல்லின் நிறமே இல்லை, பழைய மெழுகுப் பூச்சு வயதாகிப் பழுத்தது. பூச்சை உரித்தால் போதும்.

அன்றாடம்

தூசியை முதலில் எடுங்கள். வண்டல் மண்ணோடு வரும் மணல்தான் பளபளப்பைத் தின்னும். வாசலில் உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக இரண்டு துணி மிதியடி போடுங்கள். துடைக்க வெறும் தண்ணீர், வாரம் ஒருமுறை ஆசிட்டும் காரமும் இல்லாத நடுநிலைச் சோப்புத் திரவம் சில துளி. வினிகர், எலுமிச்சை வாசனைத் திரவம், கழிப்பறைத் திரவம் எதுவும் வேண்டாம்.

திருஷ்டிக்காகத் துடைக்கும் தண்ணீரில் கல் உப்புப் போடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. ஆனால் கீழிருந்து ஏறும் உப்பே போதாதா? மார்பிள் அறையில் அதைச் செய்தால் கடைசியில் நல்ல தண்ணீரில் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

சீலர் தேவையா என்று பார்க்க, காய்ந்த தரையில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள். அந்த இடம் கருத்தால் கல் தண்ணீரைக் குடிக்கிறது, சீலர் போடலாம். மேலே ஏடாக நிற்கும் வகை வேண்டாம். உள்ளே இறங்கும் வகையைக் கேளுங்கள். அது கறை இறங்குவதைத் தாமதப்படுத்தும். புளியும் எலுமிச்சையும் அரிப்பதைத் தடுக்காது.

புதிதாகப் போடப்போகிறவர்களுக்கு

பேஸ்மட்டத்தைத் தெருவை விட நன்றாக உயர்த்துங்கள். தெரு ஒவ்வொரு முறை போடும்போதும் ஏறும். ஜல்லித் தளத்துக்கு அடியில் கனமான பாலிதீன் தாளை, மேல்கீழாகப் படியுமாறு விரியுங்கள். கலவைக்கு உவர்த் தண்ணீர் வேண்டாம், கடல் மணல் கலந்த மணலும் வேண்டாம்.

வெள்ளை மார்பிளுக்கு அடியில் வெள்ளை சிமெண்ட் அல்லது வெள்ளைப் பசை. சாதாரண சிமெண்டின் சாம்பல் நிறம் மெல்லிய கல்லில் ஊடுருவித் தெரியும். கொத்தனார் நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாகக் கலவை வைத்துக் கல்லை அழுத்தினால், அந்த ஐந்து இடமும் பிற்காலத்தில் திட்டாகத் தெரியும். அடிப்பக்கம் முழுக்கக் கலவை பரவ வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று கவனியுங்கள்; அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

போட்ட புதிதில் ஓரங்கள் கருத்திருந்தால் அது கலவையின் ஈரம், சில வாரத்தில் காயும். அதற்குள் சீலர் அடிக்காதீர்கள். பெயிண்ட், தச்சு வேலை முடியும்வரை மூடிவைக்க ஈரச் சாக்கு, வைக்கோல், செய்தித்தாள், வண்ண அட்டை எதையும் போடாதீர்கள். எல்லாம் சாயம் விடும். காய்ந்த தரையில் வெள்ளைத் துணி போதும்.

எதற்கும் மசியாத கல்

கல்லுக்குள் இருக்கும் இரும்பு துருவாகிவிட்டால், அதை மொத்தமாக எடுக்க வழியில்லை. ஒன்றிரண்டு கல்தான் என்றால் மாற்றிவிடுங்கள். பரணில் உள்ள மிச்சக் கல்லை நேரடியாகப் போட்டால் புதுச்சட்டையில் ஒட்டுப்போட்டதாகத் தனித்துத் தெரியும். அதனால் கட்டிலுக்கு அடியில் உள்ள கல்லைப் பெயர்த்து நடுக்கூடத்தில் போட்டு, புதுக்கல்லைக் கட்டிலுக்கு அடியில் போடச் சொல்லுங்கள். உடையாமல் பெயர்ப்பது சிரமம். ஆகவே இணைப்பை முதலில் மெல்லிய பிளேடு மெஷினால் அறுத்துவிட்டுத்தான் உளியை வைக்க வேண்டும். கலவை காய்ந்தபின், மாற்றிய கல்லையும் சுற்றியுள்ள எட்டுக் கல்லையும் சேர்த்து ஒரே பாலிஷாகப் போட்டால் மட்டம் தட்டாது.